மலை ஏறாத பட்டியல்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வங்கிக் கிளை மேலாளர்களுக்கு,



ஒரு கணக்குப் புத்தகத்தில் இருந்து தொடங்கலாம். கல்வராயன் மலை வீடுகளில் இப்படிப்பட்ட புத்தகங்கள் தனியாக இருப்பதில்லை. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பிள்ளையின் சாதிச் சான்று என்று வீட்டின் எல்லாக் காகிதங்களோடும் ஒரே பிளாஸ்டிக் பையில் சுருண்டு, தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும். புத்தகத்தின் அட்டை வெளிறிப்போயிருக்கும். அதில் 'வள்ளலார் கிராம வங்கி' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே எல்லாம் பேனா எழுத்து. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எழுத்தரின் சுருக்கொப்பம். முகவரி என்ற இடத்தில் ஊர்ப்பெயர், கள்ளக்குறிச்சி வட்டம், தென்னாற்காடு மாவட்டம்.

அந்த மூன்று சொற்களில் எது இன்று மிச்சமிருக்கிறது? தென்னாற்காடு 1993-ல் பிரிந்து இந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது. கல்வராயன் மலை தனி வட்டம் ஆகிவிட்டது. வங்கியும் சும்மா இருக்கவில்லை. வள்ளலார் கிராம வங்கி 2006-ல் தருமபுரியின் அதியமான் கிராம வங்கியோடு சேர்ந்து பல்லவன் கிராம வங்கி ஆனது. அது 2019 ஏப்ரல் 1-ல் பாண்டியன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. மாவட்டம் மூன்று பெயர் பார்த்துவிட்டது, வங்கி மூன்று பெயர் பார்த்துவிட்டது. புத்தகத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் அதே ஊரில், அதே வீட்டில் இருக்கிறார். ஆனால் பதிவேட்டைப் பொறுத்தவரை 'முகவரியில் இல்லாதவர்' அவர்தான்.

கிராம வங்கி மட்டும் இப்படி மாறவில்லை. 2020 ஏப்ரல் 1-ல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கிக்குள்ளும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கிக்குள்ளும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கிக்குள்ளும் கரைந்தன. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் கணக்கு எண் மாறும், கிளைக் குறியீடு மாறும், சில இடங்களில் கிளையே இடம் மாறும். நகரத்துக்காரருக்குக் குறுஞ்செய்தி வந்தது. கைபேசியே இல்லாத காலத்தில் கணக்குத் தொடங்கியவருக்கு என்ன வந்திருக்கும்?

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் பணம் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் சேமிப்புக் கணக்கு செயலற்றதாகும். பத்து ஆண்டுகள் கடந்தால் அது உரிமை கோரப்படாத வைப்பு. அப்போது தொகை வட்டியோடு ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். 2014-ல் தொடங்கிய நிதி இது. அங்கே போன பணம் பறிபோன பணம் அன்று. சொந்தக்காரரோ வாரிசோ எத்தனை ஆண்டு கழித்து வந்து கேட்டாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டு நிதியிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். வட்டி மட்டும் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. தொடக்கத்தில் 4 விழுக்காடு, 2018 ஜூலையிலிருந்து 3.5, 2021 மே மாதத்திலிருந்து 3.

2024 மார்ச் மாத இறுதியில் அந்த நிதியில் இருந்த தொகை 78,213 கோடி ரூபாய். ஓராண்டுக்கு முன் அது 62,225 கோடி. இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தால் யாரோ பணக்காரர்கள் மறந்துவிட்ட பணம் என்றுதான் தோன்றும். இன்னொரு கணக்கைப் பார்ப்போம். 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் அந்த நிதிக்கு அனுப்பியது 35,012 கோடி ரூபாய்; அது 10.24 கோடி கணக்குகளுக்கு உரியது. வகுத்துப் பார்த்தால் ஒரு கணக்குக்குச் சராசரியாக 3,400 ரூபாய் சொச்சம். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். ஆக, நிதியில் சேர்ந்திருப்பது பத்துப் பத்து நாள் கூலியாகச் சேர்ந்த பணம். சராசரிக்குப் பின்னால் சில பெரிய தொகைகளும் ஒளிந்திருக்கும் என்பதால், பெரும்பாலான கணக்குகளில் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இந்தச் சராசரியை மனத்தில் வைத்துக்கொண்டு, இதுவரை நடந்த தேடல்களைப் பார்க்க வேண்டும். 2023 ஜூன் 1 முதல் செப்டம்பர் 8 வரை ரிசர்வ் வங்கி ஒரு நூறு நாள் இயக்கம் நடத்தியது. ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு மாவட்டத்திலும் தன்னிடமுள்ள முதல் நூறு வைப்புகளுக்கு உரியவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இலக்கு. நல்ல இலக்குதான். ஆனால் தொகை வரிசையில் முதல் நூறு என்றால் கல்வராயன் மலை அந்த வரிசையில் எங்கே வரும்? சங்கராபுரத்துக் கடைக்காரரும் சின்னசேலத்து ஆலைக்காரரும் வருவார்கள். இன்னாட்டில் சாமை விதைத்தவர் வரமாட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 17-ல் 'உத்கம்' இணையதளம் வந்தது. பல வங்கிகளிலும் கிடக்கும் பணத்தை ஒரே இடத்தில் தேடலாம். இன்று 30 வங்கிகள் அதில் இருக்கின்றன. படித்த குடும்பங்களுக்கு அது பெரிய உதவி, ஐயமில்லை. பதிவு செய்ய ஒரு கைபேசி எண் வேண்டும், அதில் வரும் கடவுஎண் வேண்டும், பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அங்கேதான் மலைக்காரர் நின்றுவிடுகிறார். சின்னப்பொண்ணு என்ற பெயரை 'ச' ஒலியோடு எழுதிய எழுத்தர் ஒருவர், 'ஸ' ஒலியோடு எழுதியவர் இன்னொருவர். கோவிந்தன் 'கே'யில் தொடங்குவார், 'ஜி'யிலும் தொடங்குவார். தகப்பன் பெயரின் முதலெழுத்து வாக்காளர் அட்டையில் ஒன்று, ஆதாரில் வேறு. தன் பெயரை எந்த எழுத்தர் எப்படி எழுதினார் என்று கணக்கு வைத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இந்த மடல் உங்களிடம் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். தேட வேண்டியவர் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்லர், நீங்கள். பெயர் உங்களிடம் இருக்கிறது, ஊர் உங்களிடம் இருக்கிறது, கையொப்பமோ கைரேகையோ உங்களிடம் இருக்கிறது. அவரிடம் இருப்பது ஒரு வெளிறிய புத்தகம். பல வீடுகளில் அதுவும் இல்லை.

ரிசர்வ் வங்கியும் இதைத்தான் சொல்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த அதன் திருத்திய நெறிமுறைகள், கணக்கு வைத்திருப்பவரைக் கடிதம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி வழியே தேடச் சொல்கின்றன. கிடைக்கவில்லையென்றால் நியமனதாரரைத் தேட வேண்டும். கணக்குத் தொடங்கும்போது அறிமுகம் செய்துவைத்தவரையும் தேட வேண்டும். செயலற்ற கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடிக்கக் கூடாது. உயிர்ப்பிக்கக் கட்டணம் கேட்கக் கூடாது. சேமிப்புக் கணக்குக்கான வட்டியை நிறுத்தக் கூடாது.

அறிமுகம் செய்துவைத்தவர் என்ற அந்தக் கட்டத்தில் கொஞ்சம் நிற்கலாம். பழைய விண்ணப்பப் படிவத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு கையொப்பம் இருக்கும். அந்தக் காலத்தில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் 'இவரை எனக்குத் தெரியும்' என்று எழுதிக் கொடுக்காமல் கணக்குத் தொடங்க முடியாது. மலையில் அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் யார்? பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர், ரேஷன் கடை விற்பனையாளர், ஊர்க் கவுண்டர். ஒரே ஆள் முப்பது நாற்பது பேருக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் படிவங்கள் இன்று உங்கள் கிளையின் பதிவறையில் கயிறு கட்டிய மூட்டைகளாகவோ, வாடகைக் கிடங்கில் அட்டைப் பெட்டிகளாகவோ இருக்கும். அவற்றை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பத்து அறிமுகக்காரர்களைக் கண்டுபிடித்தால் ஊர் ஊராக ஆட்கள் கிடைத்துவிடுவார்கள். எந்தக் கணினியும் தராத வரைபடம் அந்தக் கையொப்பங்களில் இருக்கிறது.

மலைக்காரர் ஏன் வங்கிக்கு வருவதில்லை என்று கேட்டால், வரும் வழியைப் பார்க்க வேண்டும். சேராப்பட்டுப் பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து ஒருவர் கள்ளக்குறிச்சிக்கு வர, வெள்ளிமலையில் பஸ் ஏறி, கரியாலூர் வளைவுகளில் இறங்கி, கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயபாளையம் வழியே வர வேண்டும். அந்த நாளின் கூலி போய்விடும். கவுண்டரில் அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: "கணக்கு லாக் ஆயிடுச்சு, ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க." ஜெராக்ஸ் எடுத்து வருவதற்குள் உணவு இடைவேளை. மறுநாள் வரச் சொன்னால் இன்னொரு கூலியும் போயிற்று. மூவாயிரம் ரூபாய்க்காக மூன்று முறை மலை இறங்குவதைவிட அந்தப் புத்தகத்தை மறுபடியும் தகரப் பெட்டியில் வைத்துவிடுவது அவருக்கு லாபம். இதை மறதி என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம்.

பிழைப்புக்காக மலையை விட்டே போகிறவர்களும் உண்டு. குடகு காபித் தோட்டத்துக்கும் கேரளத்து மிளகுக்கும் மாதக்கணக்கில் போகிறார்கள். போகும் இடத்தில் வேறொரு வங்கியில் சம்பளத்துக்காக ஒரு கணக்கு. திரும்பி வந்ததும் அது தூங்கிவிடும். 2014 ஆகஸ்ட் 28-ல் தொடங்கிய ஜன்தன் திட்டத்திலும் இதே கதை. 2024 நவம்பரில் நாடெங்கும் 11.30 கோடி ஜன்தன் கணக்குகள் செயலற்றுக் கிடந்தன. அவற்றில் 14,750 கோடி ரூபாய். அந்தக் கணக்குகளில் முதலில் தொடங்கியவற்றுக்கு இப்போது பத்து ஆண்டு நிறைந்து, அடையாள ஆவணங்களைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. இப்போது விட்டுவிட்டால் அடுத்த அலை தொடங்கிவிடும்.

கணக்கு தூங்கினால் பழைய பணம் மட்டும் முடங்காது, புதிய பணமும் தடுமாறும். 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் முதன்முறை வந்தபோது நடந்தது நினைவிருக்கும். சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அந்த ஆயிரத்திலேயே பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடிப்பது ஏற்கத்தக்கதல்ல என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியிருந்தது. பெண்கள் பல ஆண்டு தொடாத கணக்கின் எண்ணைக் கொடுத்தால் வரக்கூடிய வினை இது.

மகளிர் என்றதும் குழுக் கணக்குகளையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கின. அடுத்து விரிந்த மாவட்டங்களில் ஒன்று தென்னாற்காடு, அதாவது உங்கள் பகுதிதான். முப்பது ஆண்டுக்கு மேலான வரலாறு. அந்தக் குழுக்களில் எத்தனையோ கலைந்துவிட்டன. குழு கலைந்தாலும் கணக்கில் சில ஆயிரம் மிச்சம் நிற்கும். அதை எடுக்க ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்திட வேண்டும். ஊக்குநர் திருமணமாகிப் போன மகளோடு சேலத்தில் இருப்பார். பிரதிநிதிகளில் ஒருவர் இறந்திருப்பார். வாரம் பத்து ரூபாய், இருபது ரூபாயாகச் சேர்த்த பணம் அது. பன்னிரண்டு, இருபது பெண்களின் பெயர் இருக்கும் தீர்மானப் பதிவேடு இல்லாமல் வங்கி தராது. பதிவேடு யார் வீட்டிலோ கரையானுக்குப் போயிருக்கும். ரிசர்வ் வங்கியின் விதிகளில் இதற்கென்று எளிய வழி எதுவும் கண்ணில் படவில்லை. மாவட்ட அளவில் வங்கியாளர் கூட்டம் நடக்கும்போது மகளிர் திட்ட அலுவலரோடு உட்கார்ந்து நீங்களே ஒரு நடைமுறையை வகுக்க முடியும்.

இனி, மரணம். கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டார், நியமனம் இல்லை என்றால் இதுவரை என்ன கேட்டீர்கள்? இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிணைக்கு இரண்டு பேர், முத்திரைத்தாள். 1969-ம் ஆண்டின் சட்டப்படி இறப்பை 21 நாளில் பதிய வேண்டும். ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். வீட்டிலேயே இறந்து, காட்டோரம் அடக்கமான முதியவரின் இறப்பு எத்தனை ஊர்களில் பதிவானது? 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை இது. அரசின் காகிதமே அங்கே காலம் கடந்துதான் போய்ச் சேர்ந்தது.

காகிதம் கேட்டு மனிதரைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு கொடுமையாகப் போகக்கூடும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி சுவிட்சர்லாந்து. நாஜி வதைமுகாம்களில் மாண்ட யூதர்களின் பிள்ளைகள் பெற்றோரின் கணக்கைக் கேட்டுப் போனபோது, சுவிஸ் வங்கிகள் இறப்புச் சான்று கேட்டன. வதைமுகாம் எங்கே சான்று கொடுத்தது? அரை நூற்றாண்டு போராட்டத்துக்குப் பிறகு, 1998 ஆகஸ்டில், 125 கோடி டாலர் தருவதற்கு அந்த வங்கிகள் உடன்பட்டன. அந்தத் துயரத்தின் அளவு வேறு, கல்வராயனின் அளவு வேறு. கவுண்டருக்கு இந்தப்புறம் நிற்பவரிடம் இல்லாத காகிதத்தைக் கேட்பது மட்டும் இரண்டிலும் ஒன்று.

நம் நாட்டில் வழி திறந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இறந்த வாடிக்கையாளர் கணக்குகளுக்குப் புதிய விதிகள் தந்தது. 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் கடைப்பிடிக்க வேண்டும் என்றது. நியமனம் இல்லாவிட்டாலும் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, எளிய நடைமுறை. வாரிசுச் சான்று இல்லையென்றால் அந்தக் குடும்பத்தை நன்கு அறிந்த, குடும்பத்தைச் சேராத ஒருவர் தரும் உறுதிமொழியே போதும். காகிதங்கள் வந்த 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி ஈடு கட்ட வேண்டும். மலைப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் உறுதிமொழியை ஏற்க இந்த விதி இடம் தருகிறது. இது உங்கள் கவுண்டரில் உட்காரும் எழுத்தருக்குத் தெரியுமா என்பதைக் கிளைக்குள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தெரியாத கிளையில் பழைய பட்டியல்தான் இன்னும் கண்ணாடித் தடுப்பில் ஒட்டியிருக்கும்.

உங்கள் தயக்கமும் நியாயமானதுதான். தூங்கும் கணக்குகளே மோசடிக்காரருக்கு முதல் இலக்கு. உள்ளே இருப்பவரே கைவைத்த வழக்குகளும் உண்டு. ஆள் மாறாட்டத்தில் பணம் போனால் பதில் சொல்ல வேண்டியவர் மேலாளர். அதனால் சரிபார்ப்பைத் தளர்த்தச் சொல்லி இந்த மடல் கேட்கவில்லை. சரிபார்க்கும் இடத்தை மலைக்கு மாற்றச் சொல்கிறது. ஊரார் முன்னிலையில் ஆளை அடையாளம் காண்பதைவிட உறுதியான சரிபார்ப்பு ஜெராக்ஸ் காகிதத்தில் கிடைக்காது. 2025 ஜூனில் வந்த திருத்தத்தின்படி எந்தக் கிளையிலும் ஆவணம் புதுப்பிக்கலாம். உங்கள் வங்கி முகவர் வழியாகவும் செயலற்ற கணக்கை உயிர்ப்பிக்கலாம்.

செலவு ஒரு தடையா? 2025 அக்டோபர் 1 முதல் 2026 செப்டம்பர் 30 வரை ரிசர்வ் வங்கி ஒரு ஊக்கத்தொகை வைத்திருக்கிறது. பத்து ஆண்டைத் தாண்டிய வைப்பை உரியவரிடம் சேர்த்தால் தொகையில் 7.5 விழுக்காடு, அதிகபட்சம் 25,000 ரூபாய், வங்கிக்குக் கிடைக்கும். சராசரியான 3,400 ரூபாய் கணக்குக்கு அது 255 ரூபாய். ஒரு ஜீப் மலை ஏறி இறங்க அது போதாது. ஒரே பயணத்தில் நாற்பது பேரைப் பார்த்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். 'உங்கள் பணம், உங்கள் உரிமை' என்று 2025 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இயக்கத்தின் முகாம்கள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் ஒருநாள் நடந்து முடிந்தன. கள்ளக்குறிச்சியில் பந்தல் போட்டால் வெள்ளிமலைக்குக் கேட்காது.

கல்வராயன் மலை ஒன்றியத்தில் 15 ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வங்கிகள் ஏற்கெனவே இணையத்தில் வெளியிட்டிருக்கும் பெயர்ப் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து, தமிழில் அச்சிட்டு, அங்கே வாசியுங்கள். பெயரும் தகப்பன் அல்லது கணவர் பெயரும் போதும். தொகையைச் சொல்ல வேண்டாம். ரேஷன் கடைச் சுவரில் ஒரு படி ஒட்டுங்கள். பணத்தைப் பெற எவருக்கும் ஒரு ரூபாய்கூடத் தரத் தேவையில்லை என்று அதன் கீழே பெரிய எழுத்தில் போடுங்கள், தரகர்கள் முந்திக்கொள்வதற்கு முன்.

இந்த மாவட்டத்தின் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் வங்கி திவாலாகி ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்த துயரத்திலிருந்து, வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோரின் முயற்சியால் மறு ஆண்டு ஆகஸ்ட் 15-ல் பிறந்த வங்கி அது. போட்ட பணம் திரும்பி வராத வலியை அறிந்த மரபு. முதல் அடியை அந்த மரபு எடுத்து வைத்தால் மற்றவர்கள் பின்தொடர்வார்கள்.

கடைசியாக, கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரம். 2024 ஜூனில் கள்ளச்சாராயம் அந்தப் பகுதியிலும் சுற்றிலும் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாயும், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சமும் வைப்பாகப் போட்டு, 18 வயது நிறைந்ததும் வட்டியோடு தரப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அந்த வைப்பு எந்த நிறுவனத்தில் இருந்தாலும் பணம் கடைசியில் வந்து சேர்வது உங்கள் கவுண்டருக்குத்தான். பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் ஊர் மாறுவார்கள், பள்ளி மாறுவார்கள், பாதுகாவலர் மாறுவார். அன்றைக்கு ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு 2037-ல் பதினெட்டு நிறையும். அப்போது இந்தக் கிளைகளில் உங்களில் ஒருவரும் இருக்கமாட்டீர்கள். ஆகவே இப்போதே அந்தப் பிள்ளைகளின் பெயர், பள்ளி, பாதுகாவலரின் கைபேசி எண், உறவினர் இருவரின் முகவரி ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து, பொறுப்பை ஒப்படைக்கும்போது அடுத்த மேலாளரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.